வேதிவினைப் பட்டியலை நம்பும் கணிதம்

ஏரலிலிருந்து முக்காணி, பழையகாயல் வழியாகத் தூத்துக்குடிக்குப் பேருந்தில் போகிறவர்களுக்கு உப்பளங்களும் ஸ்பிக் நகரின் புகைபோக்கிகளும் பழகிய காட்சி. அங்குள்ள தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலை உப்பு, அம்மோனியா, கரியமில வாயு ஆகியவற்றிலிருந்து சோடா சாம்பலும் அம்மோனியம் குளோரைடு உரமும் தயாரித்தது. 2016இல் தொடங்கிய, தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்தே ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிடித்துப் பயன்படுத்தும் திட்டத்தால் உலகச் செய்தியானது.

வேதிவினை வலைகளைக் கணிதத்தால் ஆராயும் முறையை எடைபோட இந்த ஆலை நல்ல உரைகல்.

முறையின் முதல் பலம் வரவுசெலவு. சோடியம் பைகார்பனேட்டும் அம்மோனியம் குளோரைடும் உண்டாவது ஒரு வினை. பைகார்பனேட்டைச் சூடாக்கிச் சோடா சாம்பல் எடுப்பது மற்றொன்று. இரண்டையும் சமன்செய்து கூட்டினால், 106 டன் சோடா சாம்பலுக்கு 44 டன் கரியமில வாயு செலவாகும். 107 டன் அம்மோனியம் குளோரைடு கூடவே வரும். இழப்பே இல்லையென்றால், 60,000 டன் வாயு சுமார் 1.45 லட்சம் டன் சோடா சாம்பலுக்குப் போதும். எந்த வினை எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று தெரியாமலே இவ்வளவும் சொல்ல முடிகிறது. உரத்துக்குச் சந்தை இல்லையென்றால் சோடா சாம்பலும் தடுமாறும் என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

1972இல் ஹார்ன், ஜாக்சன், ஃபைன்பெர்க் ஆகியோர் இன்னும் துணிந்தார்கள். அம்புக்குறியின் இருபுறமும் நிற்கும் கூட்டுகளின் எண்ணிக்கையிலிருந்து, அம்புகளால் இணைந்த தொகுதிகளையும், ஒன்றையொன்று சாராத வினைகளையும் கழித்தால் கிடைப்பது குறைபாட்டெண். அது பூஜ்யமாக இருந்து, வேகங்கள் நிறைதாக்க விதிக்கு (வினையின் வேகம் வினைபடு பொருள்களின் செறிவுகளின் பெருக்கத்துக்கு நேர்விகிதம் என்பதற்கு) உட்பட்டால், வேக எண்கள் எதுவானாலும் செறிவுகள் ஓயாமல் ஊசலாடாது. மேற்சொன்ன இரு வினைகளுக்கு 4−2−2, அதாவது பூஜ்யம். அபாரமான முடிவுதான்.

ஆனால் அந்தப் பூஜ்யம் எங்கிருந்து வந்தது? இரண்டே வரிகளில் எழுதியதால் வந்தது. உண்மையில் அம்மோனியாவும் கரியமில வாயுவும் நீரில் சேர்ந்து அம்மோனியம் பைகார்பனேட் ஆகின்றன. பிறகுதான் அது உப்போடு வினைபுரிகிறது. இடையில் கார்பமேட் உண்டாகி, நீரோடு சேர்ந்து மீண்டும் பைகார்பனேட்டாகும் சுற்றுவழியும் உண்டு. இவற்றையும் எழுதினால் கணக்கு 10−5−4, விடை 1. ஆலையில் எதுவும் மாறவில்லை. தேற்றத்தின் உறுதிமொழி மட்டும் போய்விட்டது. வேக எண்களைத் தேவையில்லை என்று ஒதுக்கியதால், முழுப் பாரமும் வினைப்பட்டியலின் மேல் விழுகிறது. இந்த முறையைக் கொண்டாடுபவர்கள் இதைப் போதிய அளவு பேசுவதில்லை.

குறைபாட்டெண் 1 ஆனாலே முறை வீண் என்பதும் தவறு. 2010இல் ஷினாரும் ஃபைன்பெர்கும் அத்தகைய சில வலைகளில் ஒரு பொருளின் செறிவு, மொத்த அளவுகள் மாறினாலும் அசையாது நிற்கும் என்று நிறுவினார்கள். பாக்டீரியாவின் சமிக்ஞை அமைப்புக்கு அது நல்ல விளக்கம்.

ஆலைக் கோபுரத்துக்குள் நிலைமை வேறு. அங்கே வாயு கரைகிறது, வெப்பம் வெளிப்படுகிறது, பைகார்பனேட் படிகமாக இறங்குகிறது. மாறாத வெப்பநிலையையும் சீராகக் கலந்த கரைசலையும் எடுத்துக்கொள்ளும் அடிப்படைத் தேற்றங்கள், படிகத்தின் பருமன் ஏன் கெட்டது என்று கேட்கும் ஷிப்டு பொறியாளருக்கு ஒன்றும் சொல்வதில்லை. தேற்றங்கள் சொல்லக்கூடியதும் வினைப்பட்டியலையே நம்பி நிற்பதால், குறைபாட்டெண்ணை அறிவிக்கும் ஒவ்வோர் ஆய்வும் ஐயமுள்ள வினைகளைச் சேர்த்தும் நீக்கியும் அதே எண்ணை மறுபடி கணக்கிட்டுக் காட்ட வேண்டும். இந்த ஆலைக்கு அது ஒரு பக்கத்துக்குள் அடங்கும் வேலை.