இரண்டு அளவுகோல்கள்: ‘பழையன கழிதலும்’ நாவலைப் பற்றி ஒரு திறனாய்வு

பெரம்பலூரில் பிறந்த ப. சிவகாமி 1980இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்தார். 2008இல் அதினின்று விலகினார். பணியிலிருந்தபோது, 1989இல், அவர் வெளியிட்ட முதல் நாவல் ‘பழையன கழிதலும்’. சாதிக் கொடுமையைச் சித்திரிக்கும் நாவலாகவே இது பெரும்பாலும் படிக்கப்படுகிறது. வேலைத்தலத்தில் மனிதரை அளக்கும் இரண்டு அளவுகோல்களைப் பற்றிய நாவலாகவும் இதனைப் படிக்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தங்கம் கணவனை இழந்த தலித் கூலிப்பெண். பரஞ்சோதி உடையாரின் நிலத்தில் உழைக்கிறாள். அங்கே அவளுடைய உழைப்போ உடலோ அவருக்குத் தீட்டாவதில்லை. செய்தி வெளிப்பட்டதும் உடையார் மனைவியின் உறவினர் அவளை அடித்து நொறுக்குகின்றனர். தவறு செய்தவர் முதலாளி. தண்டனை பெற்றவள் கூலிக்காரி.

அவளுக்காக வழக்காடும் தலித் தலைவர் காத்தமுத்து, உயர்சாதித் தெருவில் நடந்ததால் அடிபட்டாள் என்று மனுவை மாற்றி எழுதுகிறார். நடந்ததை நடந்தவாறே எழுதினால் அவளுடைய ஒழுக்கமே விசாரணைக்குள்ளாகும் என்பது அம்மனுவின் உட்பொருள். பின்னர் அவரே அவளையும் அவளுக்குக் கிடைத்த பணத்தையும் தன்வசமாக்கிக்கொள்கிறார். ஒடுக்கப்பட்டோரின் காவலர் கையிலும் அதே அளவுகோல் இருப்பதை மறைக்காமல் காட்டியதே சிவகாமியின் துணிவு.

குறையொன்றும் உண்டு. அடிபட்ட பின்னரே தங்கத்தை நாம் சந்திக்கிறோம். வயலில் அவள் அன்றாடம் கேட்ட சொற்களும் விழுங்கிய அவமதிப்புகளும் நாவலில் போதிய இடம் பெறவில்லை. பிற்காலத்தில் ‘ஆசிரியர் குறிப்பு’ என்னும் நூலில் சிவகாமி தம் நாவலைத் தாமே மறுவிசாரணை செய்தார் என்பதையும் இங்கே கூறவேண்டும்.

வயலில் அடியாக வெளிப்படுவது அலுவலகத்தில் சொல்லாக வெளிப்படுகிறது. பெரம்பலூர் மாவட்டத்துப் பூலாம்பாடியில் சிலரோடு இந்நாவலைப் படித்தபோது ஆசிரியர் ஒருவர் கூறினார்: “உடன்பணியாளர் தாமதமாக வந்தால் பேருந்தைக் குறைசொல்வார்கள், நான் தாமதமாக வந்தால், இவர்களே இப்படித்தான் என்பார்கள்.” ஒருவரின் பிழை அவருடையது, மற்றவரின் பிழையோ அவர் பிறந்த குலம் முழுவதற்கும் உரியதாகிறது.

நாவல் வெளிவந்த அதே 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சாதியின் பேரால் இழிவுபடுத்துதல், பொதுமக்கள் பார்வையில் படுமிடத்தில் நிகழ்ந்தால்தான் அச்சட்டப்படி குற்றமாகும். வெளியார் எவருமின்றி நான்கு சுவர்களுக்குள் நிகழ்ந்த நிந்தை இதில் அடங்காதென 2020இல் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஆகவே அறைக்குள் சொல்லப்படுவதும், சொல்லாமலே காட்டப்படுவதும் சட்டத்தின் கைக்கு எட்டுவதில்லை. அங்கேதான் இலக்கியத்தின் பணியும் திருச்சபையின் பணியும் தொடங்குகின்றன.

பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இருக்கையும், கந்தை உடுத்தியவனுக்குத் தரையும் காட்டிய சபையை யாக்கோபு நிருபம் கடிந்துகொள்கிறது. அங்கே அடியில்லை, வசையில்லை. இடத்தைச் சுட்டும் ஒரு கை மட்டுமே உண்டு. நம்முடைய பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் பேராய அலுவலகங்களிலும் அந்தக் கை இன்று யாரை எங்கே அமர்த்துகிறது? விடுதலையைப் பிரசங்கிக்கும் நாம் காத்தமுத்துவைக் கண்டிப்பதற்கு முன் இக்கேள்விக்கு விடைகூறக் கடமைப்பட்டுள்ளோம்.