பெருக்கல் உறுப்பின் அழகு

இரண்டு குழுக்களை ஒப்பிடும் ஆய்வுக் கட்டுரை கைக்கு வந்தால் என் கண் முன்னுரையில் நிற்காது. நேரே அட்டவணைக்குப் போய் ஒரு பெருக்கல் உறுப்பைத் தேடும். அது இருந்தால், எழுதியவர் விஷயம் தெரிந்தவர் என்று பாதி நம்பிக்கை வந்துவிடும்.

படிப்பு கூடக் கூடச் சம்பளம் ஏறும் வேகம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒன்றுதானா? இதற்குப் பலர் ஆண்களுக்குத் தனி ரிக்ரெஷன், பெண்களுக்குத் தனி ரிக்ரெஷன் போடுவார்கள். ஒன்றில் புள்ளியியல் முக்கியத்துவத்தைக் காட்டும் நட்சத்திரக் குறி விழும், மற்றதில் விழாது. உடனே, வேறுபாடு உண்டு என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். கைதேர்ந்தவர் எல்லோரையும் ஒரே சமன்பாட்டுக்குள் கொண்டுவருவார். ஆணுக்கு 0, பெண்ணுக்கு 1 என்று ஒரு மாறி. படித்த ஆண்டுகளோடு அதைப் பெருக்கி இன்னொரு மாறி. அந்தப் பெருக்கலின் கெழு, இரண்டு கோடுகளின் சாய்வுகளுக்கு இடையிலான வித்தியாசமேதான். அந்த மதிப்பீடு எவ்வளவு தடுமாறலாம் என்று சொல்லும் திட்டப்பிழையும் கூடவே கிடைக்கிறது. கேட்ட கேள்விக்கு நேராக ஒரே ஒரு எண். இந்தச் சிக்கனம் எனக்கு அலுப்பதே இல்லை.

நட்சத்திரக் குறிகளை ஒப்பிடுவது ஏன் தவறு என்பதற்கு ஆண்ட்ரூ கெல்மனும் ஹால் ஸ்டெர்னும் 2006இல் காட்டிய உதாரணம் போதும். ஒரு மதிப்பீடு 25, திட்டப்பிழை 10. இன்னொன்று 10, அதன் திட்டப்பிழையும் 10. முன்னது குறி வாங்கும், பின்னது வாங்காது. ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 15. அதன் திட்டப்பிழை சுமார் 14. அதை வைத்துக்கொண்டு எதையும் அடித்துச் சொல்ல முடியாது. பெரிய இதழ்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. நரம்பியல் கட்டுரைகளைப் பற்றி 2011இல் வந்த ஒரு கணக்கெடுப்பில், இப்படி ஒப்பிட வேண்டியிருந்த 157 கட்டுரைகளில் 79 தவறான வழியில் போயிருந்தன.

இப்படிப்பட்ட ஒப்பீடுகளில் என் மனதுக்கு மிக நெருக்கமானது ஓர் உருளைக்கிழங்கு வயல். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பண்ணையில் 12 ரகங்களைப் பலவித உரமிட்டு வளர்த்த சோதனையை, ரொனால்ட் ஃபிஷரும் வினிஃபிரெட் மெக்கன்சியும் 1923இல் அலசினார்கள். ரகத்துக்கு ரகம் விளைச்சல் மாறும், உரம் போட்டால் கூடும். இவற்றில் புதுமை இல்லை. ஒரே உரத்துக்கு ஒவ்வொரு ரகமும் வெவ்வேறு விதமாகப் பலன் தருகிறதா என்பதே கேள்வி. அதற்கு அட்டவணையில் தனி வரி கொடுத்தார்கள், அங்கேதான் நான் சொக்கிப்போகிறேன். ஒரே மாதிரி நடத்தப்பட்ட பாத்திகளுக்குள் தானாக வரும் ஏற்றத்தாழ்வோடு வைத்துப் பார்த்தபோது, அந்த வரி பெரிதாக எதையும் காட்டவில்லை. ரகங்கள் உரத்துக்கு வெவ்வேறாகப் பலன் தருகின்றன என்பதற்குச் சான்று இல்லை என்று முடித்தார்கள்.

அதோடு அவர்கள் கூட்டல் சூத்திரத்தை விட்டுப் பெருக்கல் சூத்திரத்தையும் பொருத்திப் பார்த்தார்கள். அதன் நுட்பத்தை இப்படிப் பாருங்கள்: உரத்தால் ஒரு ரகம் 10இலிருந்து 20க்கும், மற்றொன்று 5இலிருந்து 10க்கும் ஏறுகிறது. கூட்டல் கணக்கில் இவை வேறு வேறு. விகிதக் கணக்கில் இரண்டும் இரட்டிப்பு, ஆக ஒன்றுதான். எந்த அளவுகோலில் கேட்கிறோம் என்று சொல்லாமல் இடைவினை (ஒன்றின் விளைவு மற்றொன்றைப் பொறுத்து மாறுவது) இருக்கிறது, இல்லை என்று பேசுவதில் பொருள் இல்லை.

ஆனால் வித்தியாசத்தைத் தேடிக் குழுக்களைக் கூறுபோட்டுக்கொண்டே போனால் எதுவும் கிடைக்கும். மாரடைப்புக்கு ஆஸ்பிரின் உயிர் காக்கிறது என்று 17,187 பேரிடம் நிறுவிய 1988ஆம் ஆண்டின் ஐஸிஸ்-2 ஆய்வு, ராசிவாரியாகவும் பிரித்துக் காட்டியது. மிதுன ராசிக்காரருக்கும் துலா ராசிக்காரருக்கும் மாத்திரை சற்றுக் கெடுதல்! வாசகருக்கு எச்சரிக்கையாக வேண்டுமென்றே வைத்த குறும்பு அது.

பெருக்கல் உறுப்பைத் தேடும் கலைக்கு விலையும் உண்டு. சரிபாதிக் குழுக்கள் இரண்டுக்கு இடையிலான வித்தியாசத்தை, மொத்த விளைவை அளக்கும் அதே துல்லியத்தோடு அளக்க நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும். ஆகவே சின்ன மாதிரியை வைத்துக்கொண்டு, பெருக்கல் உறுப்பில் குறி விழவில்லை, அதனால் இரு குழுக்களும் ஒன்றே என்று முடிக்கும் கட்டுரையை நம்பிவிடாதீர்கள். கெழுவையும் திட்டப்பிழையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீங்களே படியுங்கள்.