குறி தவறாத நிதானம்

வில்லாளியின் பெருமை அவன் பெறும் பரிசிலைக் காட்டிலும் நாணேற்றும் கையின் உறுதியிலேயே விளங்குவதுபோல, பிரெஞ்சு இயக்குநர் ழான்-பியேர் மெல்வில்லின் குற்றப் படங்களில் கள்வர்களின் தகுதி, கவர்ந்த பொருளைவிடக் காரியத்தில் காட்டிய நிதானத்தாலேயே அளக்கப்படுகிறது. 13 படங்களை இயக்கி, 1973-இல் தமது 55 வயதில் காலமான அவருடைய படைப்புகளை வரிசையாக மீண்டும் பார்க்கையில் இவ்வுண்மை புலனாகும்.

1956-இல் வந்த 'பாப் லெ ஃப்ளாம்பர்' படத்தில், டோவில் நகரத்துச் சூதாட்ட விடுதியைக் கொள்ளையிடத் திட்டமிட்ட பாப், குறித்த வேளை நெருங்கும்போது, என்றுமில்லாத அதிர்ஷ்டம் மேசையில் கைகூடிவர, வந்த காரியத்தையே மறந்து ஆட்டத்தில் ஆழ்ந்துவிடுகிறார். அவர் இழந்த நிதானம், 1967-இன் 'லெ சாமுராய்' படத்தில் பூரணமாகக் கைவருகிறது. அதன் நாயகனாக நடித்த அலென் டெலோன் தெருவோரத்துச் சித்ரோயன் காரில் ஏறி, பெரிய வளையத்தில் கோத்த சாவிகளை, முன்கண்ணாடியை விட்டுப் பார்வையை அகற்றாமலே, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும்போது, பதற்றம் நமக்கே. அவர் முகத்தில் அதன் சாயலும் இல்லை.

எனினும் 1970-இல் வெளியான 'லெ செர்க்கிள் ரூஜ்' படமே சிகரம் என்பது என் அபிப்பிராயம். வாந்தோம் சதுக்கத்து நகைக் கடையில் ஏறக்குறைய 25 நிமிஷம் பேச்சின்றி நடக்கும் கொள்ளையில், குடியால் சீரழிந்து, இல்லாத ஜந்துக்கள் தன்மேல் ஊர்வதாகக் கண்டு நடுங்கிய முன்னாள் போலீஸ்காரன், தானே வார்த்த தோட்டாவை இட்டு, முக்காலியில் துப்பாக்கியைப் பொருத்திக் குறிபார்த்த பின், சட்டென்று அதைக் கழற்றித் தோளில் ஏந்திச் சுட்டு, பூட்டின் சிறு துவாரத்தைத் தவறாமல் துளைக்கிறான். பிறகு தன் பங்கே வேண்டாமென்கிறான். தன் கைநடுக்கத்தை வென்றதே அவனுக்குப் போதிய சம்பாவனை என்பதை அவ்வேடமேற்ற ஈவ் மோந்தான் வசனமின்றியே உணர்த்திவிடுகிறார்.

ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது எதிர்ப்பியக்கத்தில் பணியாற்றிய மெல்வில், தலைமறைவு வாழ்வில் ஒரு சொல் மிகுந்தாலும் உயிர் போகும் என்பதை அறிந்தவராதலின், தேசபக்தர்களைப் பற்றிய 'லார்மே தெ ஸோம்ப்ர்' (1969) படத்திலும் அதே மௌனத்தை ஆண்டார்.

கடைசிப் படமான 'அன் ஃப்ளிக்' (1972) ஒரு படி தாழ்ந்ததே. ஓடும் ரயிலின்மீது ஹெலிகாப்டரிலிருந்து இறங்கும் காட்சியில் பொம்மை மாதிரிகள் அப்பட்டமாகத் தெரிகின்றன. ஆயினும் இறங்கிய கொள்ளையன் உடை மாற்றித் தலைவாரிக்கொள்ளும் நிதானத்தில் பழைய மெல்வில் திரும்பிவிடுகிறார்.

துரத்தலும் வெடிச் சத்தமுமே விறுவிறுப்பென்று கருதும் இளம் இயக்குநர்கள், ஒரு மனிதன் தன் வேலையைச் செம்மையாகச் செய்வதே காண்போரின் மூச்சை நிறுத்தப் போதுமென்பதை இவரிடம் பயில வேண்டும்.