பெயரும் முத்திரையும்

பெயரை மாற்றுவது எளிது. முகத்தை மாற்றுவதுதான் கஷ்டம். ஆனால் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பெயர் மாறிவிட்டால் போதும், பழைய இலச்சினையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒரு 'லோகோ' செய்துவிட வேண்டுமென்று சிலர் துடிக்கிறார்கள். இது அவசியந்தானா?

மதுரையில் 1966-ல் ஒரு பல்கலைக்கழகம் பிறந்தது. தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் அதன் முதல் துணைவேந்தர். 1978-ல் அது மதுரை காமராசர் பல்கலைக்கழகமாயிற்று. ஊர்ப் பெயரை எடுத்துவிடாமல் அதன் பக்கத்திலேயே ஒரு மனிதரின் பெயரைச் சேர்த்தார்கள். அவரோ பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டுப் படிக்க வைத்தவர். அந்தப் பெயரைப் பட்டம் தரும் ஒரு கலாசாலை சுமப்பதில் இருக்கிற அழகை எந்தச் சித்திரக்காரரால் ஒரு வட்டத்துக்குள் வரைந்து காட்ட முடியும்?

டி. கல்லுப்பட்டியில் நின்று யோசித்தால் விஷயம் இன்னும் தெளிவாகிறது. சாலையில் ஒரு பக்கம் போனால் மதுரை. மறுபக்கம் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர். நம் அரசாங்க முத்திரையில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்பார் ஒரு சாரார். மதுரை மேலக் கோபுரமே என்பார் மற்றொரு சாரார். ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் வரைந்து 1949-ல் வழக்கத்துக்கு வந்த முத்திரை அது. 1969 ஜனவரி 14-ல் சென்னை ராஜ்யம் தமிழ்நாடு ஆயிற்று. முத்திரையில் எழுத்து மாறிற்று, கோபுரம் அசையவில்லை. அதனால் நமக்கு என்ன குறை வந்துவிட்டது?

வெளிநாட்டுக் கதை ஒன்றும் உண்டு. 2012-ல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் ஒரு புதிய சின்னத்தை வெளியிட்டது. பழைய முத்திரையில் திறந்த புத்தகமும் நட்சத்திரமும் இருந்தன. புதியதிலோ நீலக் கட்டமொன்று. அதற்குள் பாதியில் மங்கிப்போகும் 'சி' என்ற எழுத்து. பட்டச் சான்றிதழில் பழைய முத்திரையே இருக்குமென்று சொல்லியும் ஜனங்கள் கேட்கவில்லை. 50,000-க்கும் மேற்பட்டோர் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். டிசம்பரிலேயே சின்னத்தைத் திரும்பப் பெற்றார்கள். லண்டனில் கிங்ஸ் கல்லூரி தன் பெயரிலுள்ள 'கல்லூரி'யை வழக்கிலிருந்து விட்டுவிட எண்ணியது. 2015 ஜனவரியில் அந்த எண்ணத்தையே விட்டுவிட்டது.

இது வெறும் அழகுப் பிரச்னை அன்று. கரிசல் காட்டுக் கிராமத்தில் ஒரு குடும்பத்தின் முதல் பட்டதாரி தன் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான். தம்பியின் சான்றிதழில் பெயரும் வேறு, முத்திரையும் வேறு என்றால், எங்கோ ஓர் அலுவலகத்துக் குமாஸ்தா இரண்டையும் புரட்டிப் பார்த்து, "இரண்டும் ஒரே இடந்தானா?" என்று கேட்பார். பதில் சொல்லித் திண்டாட வேண்டியவன், சித்திரம் வரைந்தவர் அல்லர், அந்தப் பையன்.

அப்படியானால் வெளித்தோற்றம் மாறவே கூடாதா? மாறலாம். ஜே. சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தது இதே டி. கல்லுப்பட்டியின் காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான். அவரும் பெயர் மாற்றிக்கொண்டவரே. கொர்னேலியஸ் என்ற பெயரை விட்டுப் பாட்டனார் பெயரான குமரப்பாவை ஏற்றார். மேல்நாட்டு உடையை விட்டுக் கதருக்கு வந்தார். யாரும் அதை வேஷம் என்று சொல்லவில்லை. ஏனெனில் பெயரோடும் உடையோடும் வாழ்க்கையும் மாறிற்று.

பெயர் மாற்றுகிற பல்கலைக்கழகங்களிடம் என் விண்ணப்பம் இதுதான்: பாடத்திலும் ஆராய்ச்சியிலும் மாணவரை நடத்தும் முறையிலும் எது மாறியதென்று முதலில் சொல்லுங்கள். சொல்ல ஏதும் இல்லையென்றால், பழைய முத்திரையைச் சுற்றிப் புதிய எழுத்துக்களைப் பொறித்தாலே போதும்.