எழுவாய் மறைந்த வாக்குமூலம்

சத்யம் நிறுவனத் தலைவர் இராமலிங்க ராஜு, 2009 ஜனவரி 7 அன்று இயக்குநர் குழுவிற்கு ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் ஒரு தனிமனிதனின் மனச்சுமைக்குச் சான்றாகவே பெரிதும் படிக்கப்படுகிறது. புலிமேல் ஏறியவன் இறங்க வழியறியாத நிலையை அவர் உவமையாக்கினார். நம் வழக்கில் அது புலிவால் பிடித்த கதை. அச்சுமை பொய்யென நாம் கருதவில்லை. ஆயினும், இலாபக் கணக்கின் இடைவெளி ஆண்டுதோறும் வளர்ந்தது என்கிறார். 'வளர்ந்தது' தன்வினை, 'வளர்த்தோம்' என்னும் பிறவினை அவ்விடத்தில் இல்லை. இல்லாத ரொக்கமும் வங்கி இருப்புமே 5,040 கோடி ரூபாய்!

பாரோய் வட்டாரத் தோட்டங்களில் இரப்பர்ப்பால் நிறுத்த முறையை அறிந்தோர்க்கு இது விளங்கும். நிறுவையைக் குறைக்கத் தராசு பிடிப்பவரும், அருகில் நிற்கும் மண்டோரும், ஏட்டில் பதியும் கிராணியும் இசைய வேண்டும். வரிசையில் நின்ற தொழிலாளரும் வாய்திறவார். (அம்மௌனம் அச்சத்தின் விளைவு, மற்றவர் உடன்பாட்டோடு அதனைச் சமன் செய்தல் முறையன்று.)

இயக்குநர் எவரும் நிலைமையை அறியார் என்றது கடிதம். 2015 ஏப்ரல் 9 அன்று ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. நிர்வாக இயக்குநராயிருந்த தம்பி, நிதித்துறைத் தலைவர், உள்கணக்காய்வாளர், வெளிக்கணக்காய்வாளர் இருவர் ஆகியோர் அவருள் அடங்குவர். மேல்முறையீட்டில் அடுத்த மாதமே தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது.