பினாங்குக்கு டிக்கெட் போடுங்க!

"வெளிநாடு ஒண்ணு பார்க்கணும். தீவாவும் இருக்கணும், பெரிய சிட்டியாவும் இருக்கணும், கையைக் கடிக்கவும் கூடாது." செஞ்சிக்குப் பக்கத்தில், எங்கள் வல்லத்தில் யார் வந்து இப்படிக் கேட்டாலும் நான் சொல்வது ஒரே பெயர்தான், மலேசியாவின் பினாங்கு. சிங்கப்பூர் போய்வந்த சொந்தக்காரர்கள் முறைக்கிறார்கள். முறைக்கட்டும்! சிங்கப்பூரில் அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்துவிடும். பினாங்கில் தெருத்தெருவாக நடக்கலாம், கோயில் கோயிலாக நுழையலாம், நாலடிக்கு ஒரு தரம் ஏதாவது வாங்கித் தின்னலாம். சுமார் 300 சதுர கிலோமீட்டர் தீவு. ஒரு மூலையில் ஜார்ஜ் டவுன் என்கிற பெரிய நகரம், நடுவில் காடும் மலையும், சுற்றிலும் கடல். வேறென்ன வேண்டும்?

போய்ச் சேர்வதும் இப்போது லேசாகிவிட்டது. அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, நாள்கணக்கில் கடலைப் பார்த்துக்கொண்டே போனார்கள். 2024 டிசம்பரிலிருந்து சென்னை–பினாங்கு நேரடி விமானம் பறக்கிறது, சுமார் நாலு மணி நேரம்தான். நாங்கள் திண்டிவனம் வந்து கிளாம்பாக்கம் பஸ் பிடித்து, அங்கிருந்து விமான நிலையம் போனோம். நள்ளிரவு தாண்டி ஏறினால் காலைப் பசிக்கு அங்கே நம் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் தயார். இந்தியர்களுக்கு 2026 டிசம்பர் கடைசி வரை விசாவும் வேண்டாம், முப்பது நாள் வரை தங்கலாம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும், அது இலவசம். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது பாக்கி இருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். ஒரு ரிங்கிட் என்பது இருபது ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே.

திட்டம் போடுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது, 'பார்க்க வேண்டிய இடங்கள்' பட்டியலை ஓரம் வைப்பது. வரைபடத்தை விரியுங்கள். ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களுக்குள் ஓர் அறை பிடியுங்கள், கிளம்பும் வரை மாற்றாதீர்கள். அங்கே காலையில் நடக்கலாம். நடுப்பகலில் வெயில் மண்டையைப் பிளக்கும், இல்லையென்றால் மழை கொட்டும். அந்த நேரத்தைக் கூரைக்கு அடியில் கழித்துவிட்டு, சாயங்காலம் மறுபடி கிளம்பலாம். இந்த ஒரு கணக்குப் போதும். ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைவு. தைப்பூசமும் அப்போதுதான் வரும்.

தைப்பூசத்துக்கே போகிற எண்ணமிருந்தால் அறையை ரொம்ப முன்னாலேயே பிடித்துவிடுங்கள். நகரத்தார் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டுத் தண்ணீர்மலைப் பக்கம் போகும். வழியெல்லாம் தேங்காய் உடைப்பார்கள். உடைப்பவர்களில் நிறையப்பேர் சீனர்கள்! தண்ணீர்மலையில் பாலதண்டாயுதபாணியைப் பார்க்க ஐந்நூற்றுச் சொச்சம் படி ஏற வேண்டும். செஞ்சியில் ராஜகிரி மலை ஏறிப் பழகிய கால்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. என் மாமியார் நடுவில் உட்கார்ந்தார்தான், ஆனால் மூச்சு வாங்கியதால் இல்லை. கீழே தெரிந்த கடலைப் பார்க்க.

கேப்பிட்டன் கிளிங் பள்ளிவாசல் தெருவைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குத் தீராது. ஒரு முனையில் 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். கொஞ்சம் நடந்தால் சீனர்களின் குவான் யின் கோயில், உள்ளே கண்ணைக் கரிக்கும் ஊதுவத்திப் புகை. பக்கத்துத் தெருவில் 1833இல் எழும்பிய மகாமாரியம்மன் கோயில். இன்னும் கொஞ்சம் போனால் நம் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய பள்ளிவாசல். அத்தனையும் பத்து நிமிட நடைக்குள். நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்காகூட அங்கே உண்டு.

மாரியம்மன் கோபுரத்தடியில் மாமியார் நின்றே விட்டார். "ஏம்மா, கப்பலேறி வந்தவங்க இவளையுமா கையோட கூட்டிட்டு வந்தாங்க?"

"ஆமாம் அத்தை, அவ இல்லாம எப்படி இருப்பாங்க?"

"அதானே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். வெளியே வந்தால் லிட்டில் இந்தியா. பூக்கட்டும் கடை, மாவிலைத் தோரணம், ஸ்பீக்கரில் இளையராஜா. சைவச் சாப்பாட்டுக்கு அலைய வேண்டியதே இல்லை.

அசைவம் சாப்பிடுகிறவர்களா? நாசி கண்டார்! தோளில் காவடி மாதிரி கம்பு போட்டு, ஒருபக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகத் தமிழ் முஸ்லிம்கள் தூக்கி விற்ற சாப்பாடு இது. 1907இல் தொடங்கிய ஹமீதியா கடை இன்றும் நடக்கிறது. தட்டில் சோறு வைத்ததும், மீன்குழம்பில் ஒரு கரண்டி, கோழிக்குழம்பில் ஒரு கரண்டி, மாட்டுக்கறிக் குழம்பில் ஒரு கரண்டி என்று கலந்து ஊற்றுவார்கள். ஊற்றுகிற கை நிற்கவே நிற்காது. சோறு மூழ்கி, ஓரத்தில் வெண்டைக்காய் மட்டும் மிதக்கும். என் வீட்டுக்காரர் குழம்பைக் கலந்தாலே முகம் சுளிக்கிற ஆள். தட்டை வழித்துவிட்டு, "நாளைக்கும் இங்கேயே வரலாமா?" என்றார். வெயில் தாழச் செண்டோல் குடியுங்கள். சீவிய ஐஸ், தேங்காய்ப்பால், கருப்பட்டி மாதிரி வெல்லப் பாகு, பச்சைப் பச்சையாய்ப் புழுவைப்போல மாவுத்துண்டுகள், சிவப்புப் பயறு. பார்க்க ஒருமாதிரிதான் இருக்கும். முதல் வாய் உள்ளே போகட்டும், அப்புறம் பேசுங்கள்.

நடுப்பகலுக்கு என் சிபாரிசு செங் ஃபாட் ட்ஸே என்ற சீனக் கோடீஸ்வரரின் நீல மாளிகை. முப்பத்தெட்டு அறை, ஐந்து முற்றம். கூட இருந்து விளக்கிச் சொல்லிச் சுற்றிக் காட்டுவதும் உண்டு, அதற்கு நேரம் விசாரித்துக்கொண்டு போங்கள். சுவருக்குச் சுண்ணாம்பில் அவுரி நீலத்தைக் கலந்து பூசியிருக்கிறார்கள். எங்கள் திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி விளைகிறது. வயலில் வெறும் பச்சைச் செடியாகப் பார்த்தது, இத்தனை பெரிய வீடு முழுக்க அப்படியொரு நீலமாக நிற்கிறது! மகள் போட்டோ எடுப்பதை நிறுத்தவே இல்லை.

பினாங்கு மலைக்கும் கெக் லோக் சி புத்த கோயிலுக்கும் ஒரே நாளை ஒதுக்குங்கள், இரண்டும் ஆயர் ஈத்தாம் பக்கம்தான். 204ஆம் எண் பஸ் போகும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். மலை ரயில் 1923இல் வந்தது, 2011இல் புதுப்பித்த பெட்டிகள் விறுவிறுவென்று செங்குத்தாக ஏறுகின்றன. விடிகாலையிலேயே போய்விடுங்கள், விடுமுறை நாளில் வரிசை நீண்டுவிடும். மேலே ஜிலுஜிலுவென்று காற்று, ஒரு முருகன் கோயில், பக்கத்திலேயே பள்ளிவாசல். கீழே நகரமும், கடலுக்குக் குறுக்கே 1985இல் திறந்த பதின்மூன்றரை கிலோமீட்டர் பாலமும் தெரிகின்றன.

ஜார்ஜ் டவுனுக்குள் சுற்ற 'கேட்' என்ற இலவச பஸ் இருக்கிறது. கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் சூ ஜெட்டி மரவீடுகள், ஆர்மீனியன் தெருவில் நிஜ சைக்கிளை வைத்து 2012இல் வரைந்த சுவரோவியம், எல்லாம் நடந்தே பார்க்கலாம்.

இரண்டு விஷயத்தில் மட்டும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கடற்கரை. பத்து ஃபெரிங்கி கடற்கரை மோசமில்லை, ஆனால் மரக்காணத்தையும் புதுச்சேரியையும் பக்கத்தில் வைத்திருக்கிற நமக்கு அது பெரிய அதிசயம் இல்லை. இன்னொன்று கார்ன்வாலிஸ் கோட்டை. மூன்று மலையை வளைத்துக் கட்டி, முகலாயப் படையை வருஷக்கணக்கில் காக்கவைத்த செஞ்சிக்கோட்டைக்குப் பக்கத்து ஊர்க்காரி நான். இரண்டு ஆள் உயரம்கூட இல்லாத சுவரை, அதுவும் ஒரு சண்டையும் பார்க்காத சுவரைக் காட்டிக் கோட்டை என்றால் சிரிப்பு வருமா வராதா? ஜார்ஜ் டவுன் 2008லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது, செஞ்சிக்கு 2025இல்தான் அது கிடைத்தது என்பதில் எனக்கு இன்னும் கொஞ்சம் பொறாமை. ஆனாலும் கார்ன்வாலிஸ் கோட்டையில் ஸ்ரீ ராம்பாய் என்று ஒரு டச்சுப் பீரங்கி இருக்கிறது, பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் அதற்குப் பூ வைப்பார்களாம். அதற்காகவாவது ஒரு எட்டுப் பார்த்துவிடுங்கள்.

அடுத்த தடவை ஜூன், ஜூலையில் போவதாக உத்தேசம். பாலிக் பூலாவ் தோட்டங்களில் டுரியான் பழம் விழுகிற நேரம் அது. அந்த வாசனைக்குப் பயந்து ஓட்டல்களில் உள்ளேயே விடமாட்டார்கள், விமானத்திலும் ஏற்ற முடியாது. தோட்டத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து தின்று தீர்க்க வேண்டியதுதான். மாமியார் மட்டும் இப்போதே சொல்லிவிட்டார், "நான் மூக்கைப் பொத்திக்கிட்டு மாரியாத்தா கோயில்லயே இருந்துக்கிறேன்."