பெயின்டுக்குக் கீழே போகும் காசு

பழைய காரைப் புதுப்பிக்க நினைப்பவர் கராஜுக்குப் போனதும் கேட்பது, "பெயின்ட் அடிக்க எவ்வளவு முடியும்?" என்பதைத்தான். யாழ்ப்பாணத்தில் சொல்லும் தொகையையும் சென்னையில் சொல்லும் தொகையையும் நாணய மாற்று விகிதத்தில் பெருக்கிப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. காசு போகும் வழி இரண்டு இடத்திலும் வேறு.

இலங்கையில் பழைய கார் நெடுங்காலம் உழைக்கிற காராகவே இருந்தது. 1960களில் இறுகிய இறக்குமதிக் கட்டுப்பாடு 1977 வரை தளரவில்லை. ஒஸ்டின் ஏ40, மொரிஸ் மைனர் எல்லாம் ஓடியே தீரவேண்டியிருந்தது. போரின்போது அரசு வடக்குக்கு விதித்த 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் அங்கே அவை மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோலே வராத ஊருக்குப் புதுத் தகடு எங்கேயிருந்து வரும்? கறள் தின்ற இடத்தை வெட்டி, கைக்குக் கிடைத்த தகரத்தை ஒட்டி, பட்டி பூசி அனுப்பினார்கள். இன்று அந்தக் காரைச் சுரண்டினால் ஒட்டுக்கு மேல் ஒட்டாக வருகிறது. மொரிஸ் மைனருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. கதவுக்குக் கீழேயுள்ள பகுதியும் பாரம் தாங்குகிறது. அங்கே போட்ட ஒட்டுகளைக் கழற்றிச் சரியாக வெல்டிங் செய்யும் கூலிதான் மதிப்பீட்டை ஏற்றிவிடுகிறது. அதே நெருக்கடி தேர்ந்த கைகளையும் உருவாக்கியது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர்களைப் புதுப்பித்த நிறுவனம் ஒன்று, 1990களில் தகட்டுப் பாகங்களை இலங்கையில் செய்வித்து வாங்கியது.

இந்தியாவின் கதை வேறு. மொரிஸ் ஒக்ஸ்போர்டிலிருந்து பிறந்த அம்பாசிடர் 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை அங்கேயே தயாரானது. அதனால் கதவு, மட்காட் போன்றவை பழைய சாமான் கடைகளில் இன்னும் அகப்படுகின்றன. நெளிந்ததைத் தட்டி நிமிர்த்துவதை விட மாற்றுவது சுலபம், கூலி இறங்குகிறது. ஆனால் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் போல அருகிவிட்ட கார் என்றால் அந்த வசதி இல்லை. தகட்டை வெட்டி வளைத்துக் கையால்தான் செய்ய வேண்டும். 2021இல் வந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்த காரை விண்டேஜ் வாகனமாகப் பதிய, சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. கண்டபடி வெட்டி ஒட்டினால் அந்தத் தகுதிக்கும் ஆபத்து.

பெயின்டின் விலையிலும் வேறுபாடு உண்டு. கார் பெயின்டை இந்தியா பெருமளவில் தானே தயாரிக்கிறது. இலங்கையில் மூலப்பொருளோ முடிந்த சரக்கோ கப்பலில் வரவேண்டும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியபோது பெயின்ட், ஹார்ட்னர், தின்னர் எல்லாம் கூடவே ஏறின. ஆகவே இலங்கையில் பிரைமரையும் பூச்சுகளின் எண்ணிக்கையையும் குறைக்கத் தோன்றும். இந்தியாவில் குறைவது பெரும்பாலும் நேரம். காப்புறுதிப் பணத்தில் வரும் புதுக் கார் சீக்கிரம் காசு தருகிறது; பழைய கார் மூலைக்குப் போய்விட்டு, கடைசியில் அவசரமாக முடிகிறது.

தரத்தைக் கெடுப்பதும் இந்த இரண்டு குறைப்புகள்தான். பட்டி முழுதாக இறுகுமுன் தேய்த்துப் பெயின்ட் அடித்தால், சில மாதத்தில் அது சுருங்கி ஓரங்கள் கோடாகத் தெரியும். பழைய செலுலோஸ் பெயின்டைத் திறந்த கொட்டகையிலும் அடிக்கலாம். ஆனால் மழைக்கால ஈரக்காற்றில் வெண்மை பூக்கும், பிறகு பொலிஷுக்கு நாட்கணக்கில் கூலி. ஹார்ட்னர் கலக்கும் டூ-கே பெயின்ட் வெயிலுக்கும் பெற்றோல் சிந்தலுக்கும் நன்றாகத் தாங்கும். ஆனால் தூசியில்லாத அறையும், நச்சு ஆவியைத் தடுக்கத் தகுந்த முகக்கவசமும் வேண்டும். கொட்டகையில் டூ-கே அடிக்கும் வேலை இரண்டு நாட்டிலும் மலிவுதான். பெயின்டரின் நுரையீரல் கணக்கில் வராததால்.

ஆகவே அம்பாசிடருக்கு இந்தியா, மொரிஸ் மைனருக்கு இலங்கை என்பது என் கணிப்பு. எங்கே கொடுத்தாலும் மதிப்பீட்டை மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: சுரண்டலும் தகட்டு வேலையும், பட்டியும் பிரைமரும், கடைசியில் பெயின்ட். வெறும் இரும்பைக் கண்ணால் பார்க்காமல் இரண்டாம் தவணையைக் கொடுக்காதீர்கள். முதல் பகுதிக்குக் குறைந்த தொகை எழுதுகிற கராஜ் கறளை அப்படியே விட்டு மூடப் போகிறது என்றே எடுத்துக்கொள்ளலாம்.